மருந்தில்லாத போத்தல்

மெல்பேர்ண்
12.02.2023

அன்புள்ள காமிலா,

இன்றைக்குக் குரல் பதிவு வேண்டாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். மின்னஞ்சலில்தான் வரும். ஆனாலும் பேராதனை விடுதியிலிருந்து உனக்குக் கொழும்புக்கு எழுதுவேனே, அதே மாதிரிதான் எழுதுகிறேன். நீயும் அப்படியே பதில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உன் வீட்டில் எல்லோரும் சுகமா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நல்ல செய்தி. எங்கள் மருந்து மனிதர்களுக்குப் போகிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் உம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். கண் காய்ந்துபோகிற வருத்தத்துக்கு மருந்து தேடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார். இங்கேயும் அதே சிரிப்புத்தான். கண்ணைக் குருடாக்காத நோய்க்கு மாநாடுகளில் கடைசி அறையைத்தான் தருவார்கள். புற்றுநோய்க்காரர் பேசும்போது மண்டபம் நிறையும். நான் பேச எழும்போது தேநீர் வந்துவிடும். படிப்பு முடித்த நாளிலிருந்து இந்த ஒரே மூலக்கூறோடு கிடக்கிறேன். கண்ணீரில் தண்ணீர் மட்டுமில்லை, அதைக் கண்ணில் பிடித்து வைக்கும் ஒரு பசையும் உண்டு என்பது உனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மருந்து அந்தப் பசையைக் கூட்டுகிறது. எலியில் கூட்டியது. முயலிலும் கூட்டியது. இனி ஆட்களில் பார்க்க வேண்டும்.

நிறுவனம் தூசும் புகையும் உள்ள இடங்களைத் தேடுகிறது. நான் யோசிக்காமல் ஊவாத் தேயிலைத் தோட்டங்கள் என்று சொல்லிவிட்டேன். ஸ்டோரில் இயந்திரம் தேயிலை சலிக்கும் தூசு, லயத்து வீட்டில் விறகடுப்புப் புகை. இரண்டையும் சுவாசித்து வளர்ந்தவள்தானே நான். ஹாலிஎலயில் என் அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்ததை அப்போது நான் அழுகை என்று நினைத்திருந்தேன்.

உன் கிளினிக்கில் இந்த ஆய்வை நடத்துவாயா? பாதிப் பேருக்கு மருந்துள்ள போத்தல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று முடியும்வரை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன்,
சக்தி

---

பதுளை
05.04.2023

அன்பின் சக்திக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஆகவே கோபம் கொஞ்சம் குறைந்தே வரும். வீட்டில் எல்லோரும் சுகம். மகள் பஹ்மா உயர்தரம் படிக்கிறாள். டொக்டர் வேலை வேண்டாம் என்கிறாள், என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம். உன் அண்ணன் விஜேந்திரனை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். "தங்கச்சி உங்களுக்காவது எழுதுதா டொக்டர்?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. உனக்கும் இருக்கட்டும்.

ஆய்வை நடத்துகிறேன். போன வருடம் நாட்டில் ஒன்றுமே இல்லாமல் போனபோது என் கிளினிக்கில் கண் கழுவும் உப்புத் தண்ணீர்கூட இல்லை. எரியுது என்று வந்தவர்களிடம் வீட்டுக்குப் போய் வெந்நீர்த் துணி ஒற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்காகவா படித்தேன்? எந்தப் போத்தல் வந்தாலும் வரட்டும் என்றுதான் இப்போது இருக்கிறது.

ஆனால் நீ அனுப்பிய கேள்வித்தாளை யார் எழுதினார்கள், சக்தி? 'கடந்த வாரம் இரவில் வாகனம் ஓட்டும்போது சிரமப்பட்டீர்களா?' 'வங்கி இயந்திரத்தைப் பயன்படுத்தும்போது?' 'குளிரூட்டிய இடங்களில்?' நம் தாதி ஜிப்னா அதைத் தமிழில் வாசிக்க வாசிக்க எதிரே நல்லம்மாக்கா உட்கார்ந்திருந்தார். ஸ்டோரில் சலிப்புப் பகுதியில் வேலை செய்கிறவர். கண்ணிரண்டும் மிளகாய்ப்பழம். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே எனக்கில்ல டொக்டர். அப்ப எனக்கு வருத்தமே இல்லன்னு எழுதிருவீங்களா?"

விறகடுப்பு ஊதும்போது, வெயிலில் மலையில் நிற்கும்போது, தூள் பறக்கும்போது என்று கேள்வியை மாற்றிக் கொடு. இல்லாவிட்டால் எங்கள் ஆட்களின் எரிச்சல் உங்கள் கணக்கில் ஏறவே ஏறாது.

துஆவுடன்,
காமிலா

---

மெல்பேர்ண்
21.05.2023

அன்புள்ள காமிலா,

கேட்டேன். முடியாதாம். அந்தக் கேள்வித்தாள் உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். ஒரு சொல்லை மாற்றினாலும் எல்லா நாட்டுக் கணக்கும் கெட்டுவிடுமாம். விறகடுப்பு என்று நான் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர், அங்கே எரிவாயு இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் இல்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

ஓட்டாத வாகனத்துக்கு 'பொருந்தாது' என்று எழுதிவிடு. கண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, கடதாசித் துண்டு எவ்வளவு நனைகிறது, சாயம் எங்கே ஒட்டுகிறது, இவற்றையெல்லாம் நீ பார்க்கத்தானே போகிறாய். அந்த அளவுகள் பொய் சொல்லாது.

இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன். இந்த நோயில் அதுவும் சரியில்லை. கண் மோசமாக இருப்பவர் ஒன்றுமில்லை என்பார். கண் நன்றாக இருப்பவர் தாங்க முடியவில்லை என்பார். இத்தனை வருடம் ஆராய்ந்தும் கண் சொல்வதையும் ஆள் சொல்வதையும் ஒன்றுசேர்க்க எங்களால் முடியவில்லை. அதைத்தான் இந்த மருந்து தீர்த்துவைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நல்லம்மாக்காவைச் சேர்த்துக்கொள். அவருக்கு வருத்தம் இருக்கிறது என்று நான் எழுதுகிறேன்.

சக்தி

---

பதுளை
10.12.2023

அன்பின் சக்திக்கு,

மழை விடாமல் பெய்கிறது. மீரியபெத்த பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மண்சரிவுப் பயத்தில் நேரத்தோடு திரும்பிவிடுகிறார்கள், ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் காலையிலேயே கிளினிக் நிறைந்துவிடுகிறது. உன் ஆய்வு நன்றாக நடக்கிறது. நன்றாக என்றால் நீ நினைப்பதைவிட நன்றாக.

ஜிப்னா ஒவ்வொருவருக்கும் இமையை எப்படிக் கழுவுவது, சொட்டை எப்படி விடுவது என்று உட்காரவைத்துக் காட்டுகிறாள். ஒரு போத்தலும் வீணாகவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள் இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நல்லம்மாக்கா ஸ்டோரில் தன் பக்கத்தில் வேலை செய்கிற பெண்களிடம், நானும் சேர்த்துவிடுகிறேன் வாங்க என்று சொல்லியிருக்கிறார். ஆட்கள் எடுத்து முடிந்துவிட்டது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்குக் கஷ்டமாகப் போனது.

போன வாரம் அவரைப் பரிசோதித்தேன். சாயம் ஒட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர் சொன்னது இது: "வெடிகாலைல எந்திரிச்சா கண்ண தொறக்க முடியாது டொக்டர், தண்ணி வச்சுத்தான் பிரிப்பேன். இப்ப தானா தொறக்குது."

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு எனக்கு மருத்துவம் கிடைத்து உனக்கு ஒரு மயிரிழையில் போனபோது, பதுளை கடைவீதியில் என் வாப்பாவின் துணிக்கடை வாசலில் இரண்டு பேரும் நின்றோமே. எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் இருந்தது. இப்போது அது இல்லை.

ஒரு கேள்வி. ஆய்வு முடிந்த பிறகு இவர்களுக்குச் சொட்டு எங்கிருந்து வரும்? இப்போதே கேட்டு வை.

காமிலா

---

மெல்பேர்ண்
19.05.2024

அன்புள்ள காமிலா,

முடிவு வந்துவிட்டது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினேன்.

மருந்து தோற்றுவிட்டது.

உன் பெண்களுக்குச் சுகம் வரவில்லை என்று அர்த்தமில்லை. வந்தது. எல்லா நாட்டிலும் வந்தது. மருந்துள்ள போத்தல் வாங்கியவர்களுக்கு எவ்வளவு வந்ததோ, மருந்தில்லாத போத்தல் வாங்கியவர்களுக்கும் அவ்வளவே வந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. திரையில் அந்தப் படத்தைக் காட்டியபோது அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது எங்கள் துறையின் சாபம். கண்ணில் எதை விட்டாலும் கொஞ்சம் ஈரம்தானே. அதோடு யாரோ ஒருவர் உட்கார்ந்து கவனிக்கிறார், இமை கழுவச் சொல்கிறார், மறுபடி வரச் சொல்கிறார். அதிலேயே பாதிப் பேருக்குச் சுகம் வந்துவிடுகிறது. அதற்கு மேலே என் மருந்து என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. என் இளமை முழுவதும் ஒன்றுமில்லை. நேற்று ஆய்வுகூடத்தில் உறைபெட்டியைத் திறந்து அந்தச் சிறிய குப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எறிந்துவிடலாம் போலிருந்தது. எறிவதற்கும் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

நிறுவனம் ஆய்வை நிறுத்துகிறது. மிச்சமுள்ள எல்லாப் போத்தல்களையும் திருப்பி அனுப்ப வேண்டும். நீ கேட்டதைக் கேட்டேன். வெறும் சொட்டையாவது ஒரு வருடத்துக்குக் கொடுங்கள் என்று மூன்று கூட்டங்களில் சண்டை போட்டேன். நிரூபிக்கப்படாத ஒன்றை விநியோகிக்க முடியாது என்று வழக்கறிஞர் எழுதிவிட்டார்.

யாருக்கு எந்தப் போத்தல் போனது என்ற விபரம் உனக்குத் தனியாக வரும். அவர்களுக்குச் சொல்லிவிடு. மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

சக்தி

---

பதுளை
30.06.2024

அன்பின் சக்திக்கு,

போத்தல்களை வாங்கி எண்ணிப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டோம். ஜிப்னா அழுதாள். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்லம்மாக்காவுக்குப் போனது மருந்தில்லாத போத்தல். அதைச் சொல்லி முடிக்க எனக்குத்தான் நேரம் பிடித்தது. உங்கள் போத்தலில் மருந்து இருக்கவில்லை அக்கா, ஈரம் தருகிற வெறும் சொட்டுத்தான் என்றேன்.

"அது எனக்குப் புடிச்சிருந்துச்சே. அதயே குடுங்க."

அதைக் கொடுக்க முடியாது என்றேன். ஏன் என்றார். அது வேலை செய்யவில்லை என்று முடிவாகிவிட்டது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், சக்தி. நான் பைத்தியமா, அல்லது அவரை ஏமாற்றுகிறேனா என்று நிதானிக்கிற பார்வை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே மாதிரியான சொட்டு மருந்துக் கடைகளில் உண்டு என்று நீ சொல்வாய். சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. இருக்கும்போது அவர்களால் வாங்க முடியாது.

நீ ஒருமுறை வந்துவிட்டுப் போ. பெரிதாக ஒன்றும் வேண்டாம். வந்து அவர்களிடம் பேசு. இந்த ஆய்வு எதற்காக நடந்தது, ஏன் நின்றது என்று அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு உன் பதில்தான் தெரியும், என் பதில் தெரியவில்லை.

காமிலா

---

மெல்பேர்ண்
08.09.2024

அன்புள்ள காமிலா,

இப்போது வர முடியாத நிலைமை. காரணம் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நிறுவனத்தின் கணக்காளர்கள் தரவுகளை மறுபடி பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புகையில் சமைக்கிறவர்களை மட்டும் தனியே எடுத்தால் ஏதோ ஒரு வித்தியாசம் தெரிகிறது. சிறியது. உறுதியாகச் சொல்ல ஆட்கள் போதாது. உன் கிளினிக்கில் பல பெண்கள் 'எரிவாயு' என்று பதிவாகியிருக்கிறார்கள். அடுப்பு வீட்டில் இருக்கிறது, ஆனால் சிலிண்டர் வாங்க வழியில்லாமல் விறகில்தான் சமைக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதைத் திருத்தினால் அந்தக் குழு பெரிதாகும். வித்தியாசம் நிற்கும்.

பொய் எழுதச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் எழுதச் சொல்கிறேன். நிறுவனத்திலிருந்து ஒருவர் உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார். திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடு. கட்டுரையில் உன் பெயரும் வரும். இது நடந்தால் அடுத்த ஆய்வுக்கு வழி பிறக்கும், அப்போது சொட்டும் மறுபடி வரும். நடக்காவிட்டால் என் ஒப்பந்தம் வருட முடிவோடு தீர்ந்துவிடும். இந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்? உலர் கண்ணைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது.

உன்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை.

உன்,
சக்தி

---

பதுளை
22.09.2024

சக்திக்கு,

அந்த மனிதர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். யார் யாரை விறகுக்கு மாற்ற வேண்டும் என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். எல்லோரும் விறகில் சமைக்கிறவர்கள்தான், அதில் பொய்யில்லை. முடிவில் நான், நல்லம்மாக்காவும் விறகில்தான் சமைக்கிறார், அவரையும் மாற்றட்டுமா என்று கேட்டேன்.

அவர் தேவையில்லை என்றார்.

ஏன் தேவையில்லை என்று உனக்குத் தெரியும். நல்லம்மாக்காவுக்கு மருந்தில்லாத போத்தலில் சுகம் வந்தது. அவரைப் புகைக் குழுவில் சேர்த்தால் உங்கள் வித்தியாசம் போய்விடும். மருந்தில் சுகம் வந்தவர்களுக்கு மட்டும் அடுப்பில் புகை வர வேண்டும், மற்றவர்களுக்கு வரக்கூடாது. இதுதானே? போத்தல் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அடுப்பை மாற்றி எழுதுகிற வேலைக்கு நீ என்னைக் கேட்டிருக்கிறாய். அவர் யார் யாருடைய இலக்கத்தைச் சொல்லப்போகிறார் என்று நீ பார்த்தாயா, அல்லது பார்க்காமலே எழுதினாயா? எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ இவ்வளவு காலமும் கண்ணைத்தான் ஆராய்ந்தாய். ஒரு நாளாவது ஒரு நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாயா? நான் சொல்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும்.

காமிலா

---

மெல்பேர்ண்
24.09.2024

டொக்டர் காமிலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நோயாளிக்கு எதிரே உட்காரும் கதிரை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு எனக்கு ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. துணிக்கடை வாசலில் இருந்த உறுத்தல் இப்போது இல்லை என்று எழுதியிருந்தாய். நன்றாகத்தான் ஒளித்து வைத்திருந்திருக்கிறாய்.

கையெழுத்து வேண்டாம்.

சிவசக்தி

---

பதுளை
16.03.2025

சக்தி,

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நல்லம்மாக்கா ஸ்டோர்ப் படியில் விழுந்து, காலில் காயத்தோடு வந்தார். வலது பக்கம் படி தெரியவில்லை என்றார். பரிசோதித்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலது கண்ணின் நரம்பு பாதி செத்துவிட்டது.

ஆய்வு நின்ற பிறகு அவர் இரண்டு முறை என்னிடம் வந்திருக்கிறார். இரண்டு முறையும் சொட்டு இல்லை. மூன்றாம் முறை வரவில்லை. யாரோ சொல்லி ஒரு கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார். விட்டவுடன் சிவப்பு மாறிவிடும், எரிச்சல் நின்றுவிடும். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஸ்டீரொயிட், சக்தி. மாதக்கணக்கில் விட்டிருக்கிறார், அதுதான் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். நம் போத்தல் மாதிரியே சின்னதாக, வெள்ளை மூடியோடு இருந்தது. அதனால்தான் பயப்படாமல் வாங்கினேன் என்றார்.

அழுத்தத்தைக் குறைத்துவிட்டேன். இடது கண் பிழைத்துவிடும். வலதில் போன பார்வை திரும்பாது. உலர் கண் யாரையும் குருடாக்காது என்று நீயும் நானும் படித்தோம்.

கண் தெரியாதவரைச் சலிப்பில் வைக்க முடியாது என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டாராம். இப்போது வீட்டில் இருக்கிறார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

காமிலா

---

மெல்பேர்ண்
20.07.2025

அன்புள்ள காமிலா,

உன் கடிதம் கிடைத்தது. பல மாதமாக எழுத முடியவில்லை. இப்போது நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

உன் செப்டெம்பர்க் கடிதத்துக்குப் பதில் போட்டுவிட்டு, ஆத்திரத்தில், உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றே அந்த இலக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கள் ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியரிடம் போனேன். எல்லா இடத்திலும் இப்படித்தான், அடுத்த ஆய்வில் உண்மை தெரிந்துவிடும் என்றார். இந்தக் கணக்கில் என் பெயர் வராது என்று சொன்னேன். அவர் சரி என்றார். அவ்வளவுதான். நான் விலகியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு நாட்டு டொக்டர் ஒருவர் அடுப்புகளை மாற்றிக் கொடுத்துவிட்டார். கட்டுரை வந்துவிட்டது. மருந்துக்கு எதிர்காலம் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நான் பெற்ற மருந்து, நானில்லாமல் பொய்யோடு நடக்கிறது.

என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது ஒரு கல்லூரியில் முதலாம் வருட மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தில் கண்ணீருக்கு அரைப் பக்கம்.

உன் பெண்களைப் பற்றி மட்டும் ஒரு சிறிய கட்டுரை எழுதினேன். இரண்டு போத்தலிலும் ஒரே அளவு சுகம் வந்தது, ஆகவே வெறும் சொட்டையும் கவனிப்பையும் ஒழுங்காகக் கொடுத்தாலே போதும், அதை நிறுத்தினால் ஆட்கள் ஆபத்தான போத்தலைத் தேடிப் போகிறார்கள் என்று. இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. புதிதாக ஒன்றுமில்லையாம். மூன்றாவதற்குப் போட்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லை. போட்டேன்.

நோயாளியின் முகத்தைப் பற்றி நீ எழுதிய வரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் செப்டெம்பரில் விடுமுறை கிடைக்கிறது. அண்ணன் வீட்டில் தங்குவேன். நல்லம்மாக்காவைப் பார்க்க வேண்டும். கொண்டுவர என்னிடம் ஒன்றுமில்லை, சொல்லவும் நல்லதாக ஒன்றுமில்லை. அப்படி வருவது சரியா, அல்லது என் மன ஆறுதலுக்காக அவரைத் தொந்தரவு செய்கிறேனா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

சக்தி

---

பதுளை
03.08.2025

அன்பின் சக்திக்கு,

மன்னிக்க வேண்டாம். நானும் அந்த வரியைத் திரும்ப எடுக்கவில்லை. உன் 'டொக்டர் காமிலாவுக்கு' என்பதையும் நான் மறக்கவில்லை. அதெல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

நீ வருவது சரியா என்று நான் தீர்மானிக்க முடியாது, ஆகவே நல்லம்மாக்காவையே போய்க் கேட்டேன். அந்த மருந்தைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டவள் என் சிநேகிதி, ஹாலிஎலப் பக்கத்து லயத்தில் பிறந்தவள், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னேன். தோட்டத்துப் பிள்ளையா என்று இரண்டு தடவை கேட்டார். உன் தாய் தகப்பன் பெயரை விசாரித்தார். பிறகு அடுப்பில் விறகைத் தள்ளினார். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வருகிறீர்களா, அங்கே சந்திக்கலாம் என்றேன்.

"கிளினிக்குல வேணாம் டொக்டர். அங்க நீங்கதான் பேசுவீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் சமைக்கிறப்ப வந்து பக்கத்துல உக்காரட்டும். நான் பேசணும்."

கோபமாகச் சொன்னாரா என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. என் கண் அந்தப் புகையில் எரிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது, அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

டிக்கெட் போட்டுவிட்டு எழுது. பதுளை ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இரண்டு பேருமாகப் போவோம்.

காமிலா